நிறுத்தி வைத்த காரில் கரண்ட் எங்கே போகிறது?

மூன்று வாரத்துக்கு முன்பு ஒழுங்காக ஓடிவந்து நின்ற கார். இராயபுரத்தில் வீட்டு வாசலிலேயே, கவர் போட்டு, பூட்டித்தான் நிறுத்தப்பட்டது. யாரும் தொடவில்லை. ஊரிலிருந்து திரும்பியவர் சாவியைத் திருகினால் செல்ஃப் எடுக்கவில்லை. டாஷ்போர்டு விளக்குகள் மங்கலாக எரிகின்றன, பானெட்டுக்குள்ளிருந்து 'டக டக டக' என்று சத்தம் வருகிறது, அவ்வளவுதான். பக்கத்துத் தெரு ஒயரிங் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பேட்டரி போச்சு சார், புதுசு போட்டுருங்க" என்கிறார். புதிதும் போட்டாகிறது. அடுத்த முறை ஊருக்குப் போய்த் திரும்பினால் அதே டக டக.

இதே கடற்கரையில் வடக்கே, எண்ணூர் கழிமுகத்தைத் தாண்டி, காமராஜர் துறைமுகத்தின் திறந்தவெளியில் புத்தம்புதிய கார்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. ஒரகடத்து நிசான் கார்கள் 2010-இல் இங்கிருந்து கப்பலேறத் தொடங்கின. ஹூண்டாய் கார்கள் அதற்கும் வெகு முன்பிருந்தே சென்னைத் துறைமுகம் வழியாகப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்தக் கார்களைக் கிரேன் தூக்குவதில்லை. கப்பலின் சரிவுப்பாதை வழியே ஓட்டுநர்கள் ஒவ்வொன்றாக உள்ளே ஓட்டிப்போய் நிறுத்துகிறார்கள். கப்பல் வரும்வரை உப்புக்காற்றில் காத்திருப்பு, பிறகு வாரக்கணக்கில் கடல், அப்புறம் மறுகரையில் இன்னொரு திறந்தவெளி. இவ்வளவும் முடிந்து, அங்கே ஒருவர் சாவியைத் திருகும்போது கார் கிளம்பியாக வேண்டும். கிளம்பாத கார் பின்னால் நிற்கும் அத்தனை கார்களுக்கும் வழியை அடைத்துவிடும். இந்தக் கார்களில் இருப்பதும் அதே ஈய அமில பேட்டரிதான். வீட்டு வாசலில் மூன்று வாரம் தாங்காதது கடல் கடந்து எப்படித் தாங்குகிறது?

விடை காண முதலில் பேட்டரிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி என்பது ஆறு மின்கலங்கள் தொடராக இணைந்த பெட்டி. ஒவ்வொரு கலமும் சுமார் 2.1 வோல்ட் தரும். ஒருபுறம் ஈயத் தகடு, மறுபுறம் ஈய டைஆக்சைடு பூசிய தகடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். 1859-இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே செய்துகாட்டிய அமைப்பு இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. கரண்ட் வெளியே போகப் போக இரண்டு தகடுகளின் மேலும் ஈய சல்பேட் படிகிறது. அந்தச் சல்பேட் அமிலத்திலிருந்துதான் வருகிறது. ஆகவே அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகிறது. சார்ஜ் ஏற்றும்போது எல்லாம் திரும்ப நடக்கிறது: சல்பேட் தகட்டை விட்டு இறங்கி அமிலத்துக்குப் போகிறது. இரண்டு தகடுகளிலும் ஒரே பொருள்தான் உருவாகிறது என்ற விளக்கத்தை 1882-இல் முன்வைத்தவர்கள் கிளாட்ஸ்டன், ட்ரைப் என்ற இரண்டு ஆங்கில வேதியியலாளர்கள்.

அவர்கள் சொன்னது சரிதானா என்று பார்க்க ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. மூடி திறக்கக்கூடிய பேட்டரியாக இருந்தால் எந்த பேட்டரிக் கடையிலும் 'கிராவிட்டி' பார்ப்பார்கள். ரப்பர் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சினால் உள்ளே ஒரு மிதவை மிதக்கும். அமிலம் அடர்த்தியாக இருந்தால் மிதவை மேலே நிற்கும், நீர்த்துப்போயிருந்தால் அமிழும். முழு சார்ஜில் தண்ணீரைப்போல ஏறக்குறைய 1.25 மடங்கு கனமாக இருக்கும் அமிலம், பேட்டரி காலியாகும்போது 1.1-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அமிலத்தின் கனமே காட்டிக்கொடுக்கிறது.

மூடி இல்லாத பேட்டரியில் மல்ட்டிமீட்டர்தான் துணை. சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சரியாக 12.0 காட்டினால்? "பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, பன்னிரண்டு காட்டுது, நல்லாத்தானே இருக்கு" என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. 12.0 என்றால் கால்வாசிகூட மிச்சம் இருப்பது சந்தேகம். முக்கால் வோல்ட்டுக்குள் பேட்டரியின் மொத்த வாழ்வும் அடங்கிவிடுகிறது; அதனால்தான் தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணைக் கவனித்துப் படிக்க வேண்டும்.

இனி கணக்கு. நம் ஊகத்தைப் புரட்டிப்போடும் இடம் இதுதான்.

காரில் அதிகக் கரண்ட் தின்பது எது என்று கேட்டால் யாரும் செல்ஃப் மோட்டாரைத்தான் சொல்வார்கள். சொல்வதில் நியாயம் இருக்கிறது. சிறிய பெட்ரோல் காரில்கூட செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் இழுக்கும். ஆனால் எவ்வளவு நேரம்? எஞ்சின் பற்றிக்கொள்ள ஆகும் இரண்டு நொடிதான். 150 ஆம்பியர் இரண்டு நொடி ஓடினால் செலவு 0.1 ஆம்பியர்-மணிகூட இல்லை. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி கொள்ளும். ஆக ஒரு முறை ஸ்டார்ட் செய்வது பேட்டரியில் முந்நூறில் ஒரு பங்கைக்கூட எடுப்பதில்லை.

இப்போது மறுபக்கம். பூட்டி நிறுத்திய காரில் 50 மில்லிஆம்பியர், அதாவது ஒரு ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு, ஓயாமல் ஓடுகிறது என்று வையுங்கள். பன்னிரண்டு மணி நேர இரவில் 0.6 ஆம்பியர்-மணி போய்விடும். ஏழு முறை ஸ்டார்ட் செய்த செலவு ஒரு ராத்திரியில், சத்தமில்லாமல். ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி, இரண்டே வாரத்தில் பேட்டரியில் பாதி காலி, மூன்று வாரத்தில் 25 ஆம்பியர்-மணிக்கு மேல் காலி. மிச்சமிருப்பதை வைத்து விளக்கு எரிக்கலாம். செல்ஃபைச் சுற்ற முடியாது.

அந்த 'டக டக' எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே விளங்கிவிடும். சாவியைத் திருகியதும் செல்ஃபின் தலைமேல் இருக்கும் சோலினாய்டு என்ற மின்காந்தம் இழுத்துக்கொள்கிறது. உடனே மோட்டார் பெருங்கரண்டைக் கேட்கிறது. இளைத்துப்போன பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது. சோலினாய்டைப் பிடித்துவைக்கவே போதாமல் அது விட்டுவிடுகிறது. பாரம் நீங்கியதும் வோல்டேஜ் ஏறுகிறது, சோலினாய்டு மறுபடி இழுக்கிறது. நொடிக்குப் பல முறை இப்படி இழுத்து விடுவதுதான் அந்தச் சத்தம்.

எல்லாம் அணைத்துவிட்ட காரில் 50 மில்லிஆம்பியரை யார் கேட்டது? 1912-இல் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார செல்ஃப் கேடிலாக் கார்களில் வந்தபோது, நிறுத்திய கார் எதையும் இழுக்கவில்லை. இன்றைய கார் முழுதாக அணைவதே இல்லை. திருட்டு அலாரம் விழித்திருக்க வேண்டும். ரிமோட் சாவியின் சமிக்ஞைக்குக் காதுகொடுக்க ஒரு ரிசீவர் இயங்கியாக வேண்டும். எஞ்சின் கணினி, கியர் கணினி, ஆடியோ எல்லாம் தங்கள் நினைவைக் காக்க வேண்டும். இப்படி நிற்கும்போதே இழுக்கும் கரண்டை ஒட்டுண்ணி மின்னோட்டம் எனலாம். பழுதில்லாத காரில் இது பொதுவாக 20 முதல் 50 மில்லிஆம்பியர்வரை இருக்கும். எனவே இராயபுரத்துக் காரில் பழுது எதுவுமே இல்லாமல்கூட இருந்திருக்கலாம். வாரம் இரண்டு முறையாவது ஓடும் என்று எண்ணிச் செய்த வண்டி அது. மூன்று வாரம் நின்றதுதான் அதன் குற்றம். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கி, சென்னையில் ஜூன் 19 முதல் 30 வரை மீண்டும் முழு அடைப்பு வந்தபோது, இந்தக் கணக்கை நகரம் முழுவதும் கற்றுக்கொண்டது. நல்ல பேட்டரிகளும் தெருத்தெருவாகப் படுத்தன.

வெயிலும் தன் பங்கைக் கேட்கிறது. எந்த ஒயரும் மாட்டாமல் அலமாரியில் வைத்தாலும் ஈய அமில பேட்டரி தானாகவே இறங்கும். தகடுகள் அமிலத்தோடு மெல்ல வினைபுரிந்துகொண்டே இருப்பதால் நேர்வது இது. 25 டிகிரி செல்சியஸில் மாதத்துக்கு மூன்று முதல் ஐந்து சதவீதம் குறையும். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த இரண்டு மாதமும் சென்னையின் உச்ச வெயில். படகானாலும் காரானாலும் அந்தப் பருவத்தில் ஓய்வெடுக்கும் பேட்டரி மற்ற மாதங்களைவிட வேகமாகத் தேயும்.

துறைமுகத்துக் கார்களின் விடையும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அங்கே பேட்டரியைப் பெரிதாக்கவில்லை, கசிவைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். கப்பலேறும் காரில் அலாரம் விழித்திருக்கத் தேவையில்லை, கடிகாரம் ஓட வேண்டியதில்லை. ஆகவே அந்தச் சுற்றுகளுக்குப் போகும் ஃபியூஸைக் கழற்றியே அனுப்புவதும், கணினி வழியாகக் காரை 'போக்குவரத்து நிலை'யில் வைப்பதும் வாகன நிறுவனங்களின் வழக்கம். டீலரிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவை உயிர்பெறும்.

இதில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. ஹூண்டாய், கியா நிறுவனங்களின் பல மாடல்களில் ஓட்டுநர் பக்கத்து ஃபியூஸ் பெட்டியில் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கிறது. வண்டியை அனுப்பிவைக்கும்போது அணைத்துவைப்பதற்காகவே வைத்த சுவிட்ச். வாங்கியவருக்கும் அது பயன்படும். ஒரு மாதத்துக்கு மேல் வண்டியை நிறுத்துவதானால் அதை அணைத்துவிடுங்கள் என்று அந்த மாடல்களின் கையேடே சொல்கிறது. திரும்பிவந்து இயக்கினால் கடிகாரத்தையும் ஆடியோவையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் பலருடைய முழங்காலுக்குப் பக்கத்திலேயே அந்தச் சுவிட்ச் இருந்திருக்கும் என்பது வருத்தமான விஷயம்.

ஆனால் எல்லாக் கார்களும் இப்படி அப்பாவிகள் அல்ல. மூன்று நாளில் படுத்துவிடும் காரில் நிச்சயம் ஏதோ கோளாறு. டிக்கி விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வாட் பல்புதான், சுமார் 0.4 ஆம்பியர். டிக்கி மூடியிருக்கும்போதும் சுவிட்ச் கெட்டு அது எரிந்துகொண்டே இருந்தால் ஒரு நாளுக்குப் பத்து ஆம்பியர்-மணி போகும். நான்காம் நாள் காலை பேட்டரி சுத்தமாகக் காலி. மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிவதை யாரும் பார்க்க முடியாது. உள்ளே கைபேசியில் வீடியோ எடுக்கவிட்டு டிக்கியை மூடிப் பார்த்தால் தெரிந்துவிடும். நிறுத்திய பிறகும் படம்பிடிக்கும் டேஷ்கேமராக்கள் கால் ஆம்பியர் அளவுக்கு இழுக்கக்கூடும். வெளியில் வாங்கி மாட்டிய ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் கருவி, அலாரம் இவையெல்லாம் அடுத்த சந்தேகங்கள். நேராக பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து இணைத்திருந்தால் சாவியை எடுத்தாலும் அவை அணையாது. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் பற்றிச் சிலர் கேட்பதுண்டு. அதற்கு ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை. சுங்கச்சாவடிக் கருவி அனுப்பும் ரேடியோ அலையிலேயே அது இயங்கிக்கொள்வதால் காரிலிருந்து ஒரு துளி கரண்ட்டும் எடுப்பதில்லை.

கோளாறைக் கண்டுபிடிக்கும் முறையைத் தமிழ்நாட்டு வீடுகளில் பலரும் வேறொரு சந்தர்ப்பத்தில் செய்து பார்த்திருப்பார்கள். கரண்ட் பில் எகிறிவிட்டது. விளக்கு, மின்விசிறி எல்லாம் அணைத்த பிறகும் ஈபி மீட்டரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டுத் துடிக்கிறது. என்ன செய்வோம்? எம்சிபி-க்களை ஒவ்வொன்றாக இறக்குவோம். எதை இறக்கும்போது துடிப்பு நிற்கிறதோ, அந்த அறைதான். பிறகு அந்த அறையில் மோட்டாரா, ஃபிரிட்ஜா என்று தேடுவோம். காருக்கும் இதே வழிதான். ஈபி மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் மல்ட்டிமீட்டர், எம்சிபி-க்குப் பதில் ஃபியூஸ்.

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, கழற்றிய ஒயருக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரைப் பொருத்த வேண்டும். பத்து ஆம்பியர் துளையில் முனையைச் செருகியிருக்க வேண்டும். அப்போது காருக்குள் போகும் ஒவ்வொரு துளி கரண்ட்டும் மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால்தான் அது காட்டும் எண்ணை நம்பலாம். ஓர் எச்சரிக்கை: மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருகவே கூடாது. 150 ஆம்பியர் பத்து ஆம்பியர் வழியில் பாய்ந்தால் மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் தெறித்துவிடும்.

மாட்டியவுடன் மீட்டர் ஒரு ஆம்பியர், இரண்டு ஆம்பியர் என்று காட்டும். இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வருகிறார்கள். காரில் இருக்கும் கணினிகள் ஒரே இணை ஒயரில் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. பூட்டிய பிறகும் அவை உடனே ஓய்வதில்லை. வண்டியைப் பொறுத்து இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம்வரை ஆகும். கதவு திறந்தால் மறுபடி விழித்துக்கொள்ளும். எனவே அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன் முதலிலேயே ஃபியூஸ் பெட்டியைத் திறந்து வைத்துக்கொள்வார். திறந்திருக்கும் கதவின் பூட்டை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி, கதவு மூடியிருப்பதாகக் காரை நம்பவைப்பார். சாவியைத் தூரத்தில் வைத்துவிட்டு ஒரு டீ குடிக்கப் போய்வருவார். வந்து பார்க்கும்போது எண் 50 மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்கியிருந்தால் கசிவு இல்லை. 300, 400 என்று நின்றால் வேட்டை தொடங்கலாம்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவும்போது ஒன்றில் எண் சட்டென விழும். குற்றவாளி அந்தச் சுற்றில் இருக்கிறது. அட்டவணையில் அந்த ஃபியூஸ் எவற்றுக்கெல்லாம் போகிறது என்று பார்த்து, அந்தக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் கடைசியில் ஒன்று மிஞ்சும்.

புதிய கார்களில் இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. ஃபியூஸை உருவித் திரும்பப் போட்டாலே தூங்கிய கணினி விழித்துக்கொள்ளும். கோளாறு அந்த நேரம் மறைந்தும் போகலாம். அதற்கு நுட்பமான மாற்றுவழி இருக்கிறது. ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள் தெரியும். ஃபியூஸ் என்பது மெல்லிய உலோகத் துண்டு. அதற்கும் மிகச் சிறிய மின்தடை உண்டு. அதன் வழியே கரண்ட் ஓடினால் இரு புள்ளிகளுக்கும் நடுவே மிகச் சிறிய வோல்டேஜ் தோன்றியே தீரும். ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி அது. பத்து ஆம்பியர் ஃபியூஸில் 100 மில்லிஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய முக்கால் மில்லிவோல்ட் தெரியும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஃபியூஸ் ஒவ்வொன்றின் தலையையும் தொட்டுப் போனால் போதும். பூஜ்யம் காட்டும் சுற்று தூங்குகிறது, எண் காட்டும் சுற்று விழித்திருக்கிறது. எதையும் கழற்றவில்லை, எதையும் எழுப்பவில்லை. சாதாரண மீட்டரால் இவ்வளவு பார்க்க முடிவது உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் விஷயம்.

எல்லா ஃபியூஸையும் பார்த்தாயிற்று, கசிவு நிற்கவில்லை என்றால் ஆல்டர்நேட்டரைச் சந்தேகிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் தருவது அதுதான். அதற்குள் இருக்கும் டயோடுகள் கரண்டை ஒரே திசையில் மட்டும் விட வேண்டியவை. ஒன்று கெட்டாலும் நிறுத்திய காரில் பேட்டரியின் கரண்ட் பின்னோக்கி ஆல்டர்நேட்டருக்குள் வடியும். இரவெல்லாம் நின்ற காரில், விடியற்காலை எஞ்சின் குளிர்ந்திருக்க, ஆல்டர்நேட்டர் மட்டும் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தால் சந்தேகம் ஏறக்குறைய உறுதியாகிவிடும்.

வடசென்னைக்கு என்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அது உப்பு.

திருவொற்றியூர் முதல் எண்ணூர்வரை கடலோரமாகவே ஓடும் எண்ணூர் விரைவுச்சாலையில் தினமும் போய்வரும் வண்டியின் பானெட்டுக்குள் நுண்ணிய உப்புத்துகள் படிந்துகொண்டே இருக்கும். அனல்மின் நிலையங்களின் பறக்கும் சாம்பலும் தூசியும் அதோடு சேரும். காய்ந்த உப்பு கரண்டைக் கடத்தாது. ஆனால் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரைந்துவிடும். சென்னைக் கடலோரத்தில் இரவில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். மழையே பெய்யாத இரவிலும் பேட்டரியின் தலைமேல் உப்புக்கரைசலின் மெல்லிய படலம் உருவாகி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வழி திறக்கிறது. மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் பேட்டரியின் பிளாஸ்டிக் மேற்பரப்பைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் மேல் வோல்டேஜ் காட்டினால் அழுக்கின் வழியே கரண்ட் ஓடுகிறது என்று பொருள். உப்புக்காற்று உலோகத்தை எப்படித் தின்கிறது என்பதைக் காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தின் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. கடலை நெருங்க நெருங்க அரிப்பின் வேகம் கூடும் என்பது அளந்து கண்ட உண்மை.

உப்பு செய்யும் இரண்டாவது தீங்கு இன்னும் ஏமாற்றுவது. பேட்டரி முனையில் வெள்ளையாகவும் பச்சை நீலமாகவும் பூக்கும் பொடி, ஈய சல்பேட்டும் செம்பு உப்புகளும் கலந்தது. அது இணைப்புக்குள் புகுந்தால் 0.02 ஓம் போன்ற மிகச் சிறிய தடை உண்டாகும். விளக்குகள் ஐந்து ஆம்பியர் இழுக்கும்போது அந்த இணைப்பில் இழப்பு 0.1 வோல்ட்தான், விளக்கு பளிச்சென்று எரியும். செல்ஃப் 150 ஆம்பியர் கேட்டால் அதே இணைப்பு மூன்று வோல்ட்டை விழுங்கிவிடும், செல்ஃப் சுற்றாது. பேட்டரியும் நன்றாக இருக்கிறது, கசிவும் இல்லை, வண்டி மட்டும் கிளம்பாது. ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதன்மேல் மாட்டிய கிளாம்ப்பிலும் வைத்துப் பார்த்தால் சில நொடியில் உண்மை வெளிவரும். அங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் இணைப்பில். எர்த் ஒயர் சேசிஸில் முடுக்கியிருக்கும் இடத்தையும் இப்படியே பார்க்க வேண்டும். துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். இதற்கு மருந்து மலிவு. ஆப்ப சோடாவை வெந்நீரில் கரைத்து, மூடித் துளைகளுக்குள் போகாமல் துடைத்தால் அமிலம் நுரைத்து அடங்கும். காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் ஈரம் அண்டாது.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கி எழுந்த வண்டிகளும் இதே கதைதான். தரைவிரிப்புக்குக் கீழே இருக்கும் இணைப்பிகளில் அழுக்கு நீர் தங்கிப் பச்சை பிடித்து, பல மாதம் கழித்துக் கசிவாக வெளிப்படும். வண்டி ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் அந்த இணைப்பிகளைத் திறந்து சுத்தம் செய்திருக்க வேண்டும்.

துறைமுக வாசலில் மணிக்கணக்கில் காத்திருக்கும் கன்டெய்னர் டிரெய்லர்களின் நோய் வேறு மாதிரி. அவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. பாட்டுப்பெட்டியோ கைபேசி சார்ஜரோ 12 வோல்ட் கேட்கும்போது, ஒரே ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடுகிறார்கள். அந்த பேட்டரி மட்டும் இறங்குகிறது. எஞ்சின் ஓடும்போது ஆல்டர்நேட்டர் இரண்டுக்கும் சேர்த்து 28 வோல்ட் தருகிறது. எது நிறைந்திருக்கிறது, எது காலி என்று அதற்குத் தெரியாது. நிறைந்தது அளவுக்கு மேல் சார்ஜாகித் தண்ணீர் வற்றுகிறது, காலியானது கடைசிவரை நிறைவதில்லை. கொஞ்ச நாளில் இரண்டும் போய்விடும். 24 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் ஒரு கன்வெர்ட்டர் பொருத்தினால் இந்தச் செலவு மிச்சம்.

பேட்டரி இறங்கினால் என்ன, மறுபடி ஏற்றிக்கொள்ளலாமே என்ற எண்ணம் பாதிதான் சரி. தகட்டில் படியும் ஈய சல்பேட் முதலில் நுண்ணிய துகளாக இருக்கும். சார்ஜ் ஏற்றினால் எளிதாகக் கரையும். நாட்கணக்கில் அப்படியே விட்டால் துகள்கள் சேர்ந்து பெரிய படிகங்களாக இறுகும். பிறகு எந்தச் சார்ஜருக்கும் அவை முழுதாக இளகாது. ஒவ்வொரு முறை காலியாகிக் கிடக்கும்போதும் பேட்டரி தன் கொள்ளளவில் ஒரு பங்கை நிரந்தரமாக இழக்கிறது. ஜம்ப் ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் நிறைந்துவிடும் என்பதும் தவறு. ஈய அமில பேட்டரி ஆரம்பத்தில் வேகமாக வாங்கும். கடைசி இருபது சதவீதத்தை நிரப்ப மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். "சார்ஜ் போட ஒரு நாள் வேணும்" என்று கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை நின்ற இடத்திலேயே ஓடவிடுவதும் அந்தக் குறையை நிரப்பாது.

நீண்ட நாள் நிறுத்துகிறவர்களுக்கு எளிய வழி, நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவைப்பது. முதலில் நெகட்டிவ்தான், மாட்டும்போது அதுவே கடைசி. காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவ்வோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் உடம்பில் பட்டால் பொறி பறக்கும். கடிகாரம், அலாரம் எல்லாம் அணைந்துவிடும் என்பதால் பூட்டு, கண்ணாடி, ஆடியோ ஆகியவற்றை மறுபடி எப்படி அமைப்பது என்று கையேட்டில் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. வெளியிலிருந்து மாட்டிய கருவிகளைச் சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸுக்கு மாற்றிவிட்டால் பாதிக் கசிவு அன்றே நிற்கும்.

செல்ஃப் எடுக்காத காரைப் பார்த்துப் புதுப் பேட்டரி சொல்லும் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வண்டி தூங்கிய பிறகு எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கிறது? அவர் அளந்து சொல்லும் எண் 50-க்கு மேல் இருந்தால், அந்தக் கசிவை அடைக்காமல் புதுப் பேட்டரிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.